கொழுப்பில் தங்கும் நஞ்சு: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மேல்நிலைப் பள்ளியில் 27 வருடம் வேதியியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். இப்போது கடலூர் பக்கத்து ஊர்களில் மகளிர் குழுக்கள் கூப்பிட்டால் போய்ப் பேசுவேன். எதைப் பற்றிப் பேசப் போனாலும் கடைசியில் பேச்சு இங்கே வந்து நிற்கிறது: ஆலைகளில் உருவான சில ரசாயனங்கள் நம் உடம்புக் கொழுப்பில் ஏறி இறங்க மறுப்பது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

கொழுப்புல நஞ்சு சேருதுங்கறாங்களே டீச்சர், எந்த நஞ்சு? எல்லாமுமா?

எல்லாமும் இல்லை. எளிதில் சிதையாத, தண்ணீரில் கரையாத, எண்ணெயில் கரைகிற சில மட்டும்தான். டி.டி.டி., பி.ஹெச்.சி. போன்ற பழைய பூச்சிமருந்துகள், டிரான்ஸ்பார்மர் எண்ணெயாக ஓடிய பி.சி.பி., பிளாஸ்டிக்கை எரிக்கும்போது தானாக உண்டாகும் டையாக்சின், ஃபியூரான், டிவிப் பெட்டியிலும் சோபா பஞ்சிலும் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் ரசாயனங்கள். இவைதான் முக்கியமானவை.

2001இல் ஸ்டாக்ஹோமில் உலக நாடுகள் கூடி முதலில் 12 ரசாயனங்களைப் பட்டியலிட்டு ஓர் ஒப்பந்தம் போட்டன. 2004இல் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2006இல் ஏற்றுக்கொண்டது. பட்டியல் அதற்குப் பிறகு வளர்ந்துகொண்டே வருகிறது.

நிறைய தண்ணி குடிச்சா மூத்திரத்துல போயிடாதா?

சாம்பார் ஊற்றி வைத்த பிளாஸ்டிக் டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை கழுவினாலும் அந்த மஞ்சள் கறை போகாது. மஞ்சளின் நிறத்துக்குத் தண்ணீர் பிடிக்காது, எண்ணெயும் பிளாஸ்டிக்கும்தான் பிடிக்கும். கூட்டங்களுக்கு நான் ஒரு பாட்டில் எடுத்துப்போவது வழக்கம். பாதி தண்ணீர், பாதி நல்லெண்ணெய், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். குலுக்கி வைத்துப் பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் நிறம் பெரும்பாலும் மேலே எண்ணெயில் நிற்கும். உடம்பிலும் இதே கதைதான். ரத்தம் பெரும்பகுதி தண்ணீர். அதில் இருக்கப் பிடிக்காத பொருள் கொழுப்பைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

சாதாரணமாக இப்படிப்பட்ட பொருள் வந்தால் கல்லீரல் அதில் ஓர் ஆக்சிஜனைக் கோத்து, தண்ணீரில் கரைகிற மாதிரி மாற்றி அனுப்பிவிடும். நாம் விழுங்கும் மாத்திரைகளில் பலவும் அப்படித்தான் வெளியேறுகின்றன. ஆனால் பி.சி.பி. மாதிரி மூலக்கூறுகளைச் சுற்றிக் குளோரின் அணுக்கள் வேலி போட்டதுபோல் நிற்கும். கல்லீரலில் இந்த மாற்றத்தைச் செய்யும் என்சைம் கைவைக்க இடம் கிடைக்காது. எங்கே குளோரின் இல்லாத இடம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறதோ அந்த வகை கொஞ்சம் சீக்கிரம் போகும். மற்றவை வருடக்கணக்கில் கிடக்கும். சாம்பார் டப்பாவை வெயிலில் வைத்தால் மஞ்சள் வெளுத்துவிடும். உடம்புக்குள் அந்த வெயிலும் இல்லை.

நான் எந்த ஃபேக்டரிலயும் வேலை செய்யல. எனக்கு எப்படி வரும்?

சாப்பாட்டில்தான். டையாக்சினைப் பொறுத்தவரை மனிதருக்கு வருவதில் 90 சதவீதத்துக்கு மேல் உணவு வழியாகத்தான், அதிலும் பால், இறைச்சி, மீன் ஆகியவற்றின் கொழுப்பு வழியாகத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புல்லில் படிந்தது மாட்டுக்கு, மாட்டின் பாலில் இருந்து நமக்கு. ஒவ்வொரு படியிலும் செறிவு கூடும், ஏனென்றால் தின்ற தீனி கழிந்துபோகும், இது மட்டும் கொழுப்பில் தங்கும்.

நம் பக்கத்துக் கதையே ஒன்று உண்டு. 1980களின் கடைசியில் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தாரும் சேர்ந்து, வெள்ளாற்றுப் படுகை வயல்களில் போடும் பி.ஹெச்.சி. எங்கே போகிறது என்று பார்த்தார்கள். ஆற்றோடு கடலுக்குப் போகும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் நூற்றில் 99 பங்குக்கும் மேல் ஆவியாகிக் காற்றில் போயிருந்தது. நம் வெயில் அப்படி. காற்றில் போனது எல்லை பார்ப்பதில்லை. குளிர்ந்த இடத்தில் இறங்கும், கொஞ்சம் சூடானால் மறுபடி கிளம்பும், இப்படித் தாவித் தாவி வடதுருவம் வரை போய்விடும். கனடாவில் நுனாவிக் என்ற பனிப்பகுதியின் இன்யூட் பழங்குடித் தாய்மார்களின் பாலை, மாசில்லாத பாலுக்கு ஒப்பீடாக இருக்கும் என்றுதான் 1980களில் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அதே கியூபெக் மாகாணத்தின் தென்பகுதி நகரத் தாய்மாரை விட ஏறத்தாழ ஐந்து மடங்கு பி.சி.பி. அதில் இருந்தது. ஆலையைக் கண்ணால் பார்த்திராத மக்கள். சீல் என்ற கடல் விலங்கையும் திமிங்கிலத்தையும் தின்றவர்கள், அவ்வளவுதான்.

அந்துருண்டையும் இதுல சேர்த்தியா?

இல்லை. அது நாப்தலின். வேறு தொல்லைகள் உண்டு, குழந்தை வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கொழுப்பில் வருடக்கணக்கில் தங்குகிற வகை இல்லை.

பி.சி.பி.ங்கறது யாருக்குமே தெரியாம எப்படி உடம்புக்குள்ள போச்சு?

1929இல் அமெரிக்காவில் வியாபாரத்துக்கு வந்தது. தீப்பிடிக்காது, மின்சாரம் கடத்தாது, அதிகச் சூட்டுக்கும் எளிதில் அசையாது. டிரான்ஸ்பார்மருக்கும் கெபாசிட்டருக்கும் இதைவிட நல்ல எண்ணெய் கிடையாது என்று உலகம் முழுக்க வாங்கியது. அசையாது என்ற அந்தக் குணம்தான் பின்னால் வினையாகிவிட்டது.

1966இல் சுவீடனில் சோரன் யென்சன் என்ற வேதியியலாளர் கழுகு, மீன் உடல்களில் டி.டி.டி. தேடிக்கொண்டிருந்தார். கருவியின் வரைபடத்தில் டி.டி.டி. கோடுகளுக்கு நடுவே இனம் தெரியாத கோடுகள் வந்துகொண்டே இருந்தன. கண்டுபிடித்துப் பார்த்தால் பி.சி.பி. தன் தலைமுடி, மனைவியின் தலைமுடி, கைக்குழந்தை மகளின் தலைமுடி என்று எடுத்துப் பார்த்தார். மூன்றிலும் இருந்தது. 37 வருடம் விற்ற பிறகுதான் அது மனித உடலில் இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் கைக்குழந்தையைப் பற்றித்தான் கேட்பார்கள். அது என்ன தின்றிருக்கும் என்று. பதில் கீழே தாய்ப்பால் கேள்வியில் இருக்கிறது.

சரி, இருந்தா என்ன பண்ணும்? யாருக்காவது ஏதாவது ஆயிருக்கா?

ஆகியிருக்கிறது. 1968இல் ஜப்பானின் கியூஷூ பகுதியில் ஓர் ஆலை தவிட்டெண்ணெய் தயாரித்தது. எண்ணெயின் வாடையை எடுக்கச் சூடு ஏற்றும் குழாய்களுக்குள் பி.சி.பி. ஓடியது. குழாயில் ஓட்டை விழுந்து எண்ணெயில் கலந்தது. முதலில் அந்த ஆலையின் கழிவு எண்ணெய் சேர்ந்த தீவனம் தின்று லட்சக்கணக்கில் கோழிகள் செத்தன. அது வருடத் தொடக்கம். அப்போதே யாராவது சமையல் எண்ணெயைச் சோதித்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் ஆற்றாமை. அக்டோபரில்தான் மனிதர்களின் நோய் வெளியே வந்தது. முகமெல்லாம் கருப்புக் கொப்புளம், கண் இமையில் சீழ்போல் வடிதல், நகம் கருத்துப்போதல், கை கால் மரத்துப்போதல். கர்ப்பமாக இருந்தவர்களுக்குத் தோல் கருத்த குழந்தைகள் பிறந்தன. சுமார் 14,000 பேர் பாதிப்பு என்று முறையிட்டார்கள்; அரசு நோயாளி என்று ஏற்றது அதில் சிறு பகுதியைத்தான். அந்த நோய்க்கு யூஷோ என்று பெயர், எண்ணெய் நோய் என்று பொருள்.

1979இல் தைவானிலும் அப்படியே நடந்தது. அதே தவிட்டெண்ணெய், அதே பி.சி.பி. பதினோரு வருடம் போதவில்லை பாடம் படிக்க.

அதெல்லாம் விபத்து. எனக்கு இருக்கிறது கொஞ்சூண்டு. அதுக்கும் பயப்படணுமா?

பயம் வேண்டாம், கவனம் வேண்டும். யூஷோ நோயாளிக்கு வந்த கொப்புளம் உங்களுக்கு வராது. சிறிய அளவின் பாதிப்பு ஒரு ஆளைப் பார்த்துச் சொல்லக்கூடியது இல்லை. ஆயிரக்கணக்கானவர்களை ஒப்பிட்டால்தான் தெரியும்: தைராய்டு சுரப்பு, தடுப்பாற்றல், வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி, சர்க்கரை நோயோடு உள்ள தொடர்பு. அமெரிக்காவில் மிச்சிகன் ஏரி மீன் நிறையச் சாப்பிட்ட தாய்மார்களின் பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். பிறப்பதற்கு முன் அதிக பி.சி.பி. ஏறிய பிள்ளைகள் நினைவாற்றல், வாசிப்புச் சோதனைகளில் கொஞ்சம் பின்தங்கியிருந்தார்கள்.

புற்றுநோய் விஷயத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டையாக்சின்களில் மிகக் கொடியதையும் பி.சி.பி.யையும் பி.ஹெச்.சி. குடும்பத்துப் பூச்சிமருந்தான லிண்டேனையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் வகையில் வைத்திருக்கிறது. டி.டி.டி. அதற்கு அடுத்த படியில், அநேகமாக உண்டாக்கும் என்ற வகையில்.

தாய்ப்பால்ல விஷம் இருக்குன்னு வாட்ஸப்ல வந்துச்சு. என் பொண்ணு பிள்ளைக்குப் பால் குடுக்கலாமா வேண்டாமா?

கொடுக்க வேண்டும். முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

செய்தி முழுப் பொய் இல்லை. பால் சுரக்க அம்மாவின் உடம்புக் கொழுப்பு கரைந்து வரும்போது அதில் தங்கியதும் கூட வரும். யென்சனின் மகளுக்கும் ஒரு பங்கு அப்படித்தான் வந்திருக்கும், மற்றது கருவிலேயே. தலைப்பிள்ளைக்கு அதிகம், அடுத்தடுத்த பிள்ளைகளுக்குக் குறைவு, ஏனென்றால் அம்மாவிடம் இருப்பு குறைந்துகொண்டே வரும். 1990இல் தென்னிந்தியத் தாய்மார்களின் பாலில் பி.ஹெச்.சி.யும் டி.டி.டி.யும் இருப்பதை மேலே சொன்ன எஹிமே குழுவே வெளியிட்டது. 2004இல் சென்னைப் பெருங்குடி குப்பைமேட்டுப் பக்கம் வாழ்ந்த தாய்மார்களின் பாலில் டையாக்சின் மற்ற இடத்தாரை விட அதிகம் என்றும், அந்தக் குப்பையில் மேய்ந்த மாடுகளின் பால் அதற்கு ஒரு வழி என்றும் எழுதினார்கள்.

ஆனால் ஆய்வாளர்கள் தாய்ப்பாலை எடுத்தது ஊசி குத்தாமல் உடம்புக் கொழுப்பைச் சோதிக்க எளிதாகக் கிடைக்கும் சாம்பிள் அது என்பதால்தான், தாய்ப்பால் மட்டும் கெட்டது என்பதால் இல்லை. அப்பா, தாத்தா, மாமியார் எல்லோர் உடம்பிலும் அதுவே. தாய்ப்பாலால் வரும் தடுப்பாற்றலும் வளர்ச்சியும் இந்தக் கெடுதலை விடப் பெரிது என்பதால்தான் உலக சுகாதார நிறுவனம் 1987 முதல் பாலைச் சோதித்துக்கொண்டே பால் கொடுங்கள் என்றும் சொல்கிறது. மாவுப்பால் டப்பாவை வாங்கி நம் ஊர்த் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. இந்த வாட்ஸப்பைப் பார்த்து ஒரு பெண் தன்னையே குற்றவாளி மாதிரி நினைத்து என்னிடம் அழுதாள். அவள் வயலில் மருந்து அடித்தவளும் இல்லை, ஒயர் எரித்தவளும் இல்லை.

ரத்த டெஸ்ட் எடுத்துப் பாக்கலாமா?

சாதாரண லேபில் முடியாது. செலவு அதிகம், கருவி வேறு. எடுத்தாலும் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. எண் வரும், சிகிச்சை வராது. ஓர் ஊரில் ஆலை விபத்தோ கசிவோ நடந்தால் அரசோ ஆய்வுக் கூடமோ கூட்டமாக எடுக்க வேண்டிய சோதனை இது, தனி ஆளுக்கானது இல்லை.

அப்ப டீடாக்ஸ் சாறு, வெயில்ல வேர்க்கறது, எண்ணெய்க் குளியல்?

எலுமிச்சைச் சாறு குடியுங்கள், வெயிலுக்கு நல்லது. கொழுப்பில் இருக்கும் பி.சி.பி.க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டாம் கேள்வியில் சொன்ன குளோரின் வேலியைக் கீழாநெல்லியும் திறக்காது. வேர்வையில் போவது துளிதான்.

உருப்படியாக முயன்ற ஓர் இடம் வியன்னா. 1990களின் கடைசியில் இரண்டு பெண்களுக்கு உடம்பில் மிக அதிக டையாக்சின் ஏறியிருந்தது. மருத்துவர்கள் ஒலெஸ்ட்ரா என்ற, ஜீரணமாகாத செயற்கைக் கொழுப்பை உணவாகக் கொடுத்தார்கள். குடலில் அது டையாக்சினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மலத்தோடு போகும். வெளியேறும் அளவு பல மடங்கு கூடியது. ஆனால் அது சத்துள்ள விட்டமின்களையும் இழுத்துக்கொண்டு போகும், வயிற்றுப்போக்கும் வரும். வீட்டில் செய்யும் வேலை இல்லை.

டயட் இருந்து கொழுப்பைக் கரைச்சா நஞ்சும் கரைஞ்சிடுமே?

கொழுப்பு கரையும், நஞ்சு கரையாது. அரிசி மூட்டையைக் கொட்டினால் உள்ளே இருந்த கல்லும் தரையில் விழுகிற மாதிரி, கொழுப்பு குறையும்போது உள்ளே தங்கியது ரத்தத்துக்கு வரும். அறுவை சிகிச்சை செய்து எடை குறைத்தவர்களின் ரத்தத்தில் இது ஏறுவதை அளந்திருக்கிறார்கள். அதற்காக எடை குறைக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, சர்க்கரைக்கும் இதயத்துக்கும் அது நல்லது. ஆனால் கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் தடாலென்று பட்டினி போடாதீர்கள்.

குண்டா இருக்கறவங்களுக்குத்தான் அதிகமா இருக்கும், இல்லையா?

அப்படி நேராகச் சொல்ல முடியாது. கொழுப்பு அதிகமானால் அதே அளவு நஞ்சு பரவி நீர்த்துப்போகும், ஒரு கிராமில் குறைவாகவே இருக்கும். அதேசமயம் வெளியேறுவதும் மெதுவாகும். அதனால்தான் அளவைக் கிராம் கொழுப்புக்கு இவ்வளவு என்று எழுதுவார்கள்.

எத்தனை வருஷம்தான் இருக்கும்?

பாதியாகக் குறைய எவ்வளவு காலம் என்று கணக்குப் பார்ப்பார்கள். கொடிய டையாக்சினுக்கு ஏழெட்டு வருடம். குளோரின் நிறைந்த சில பி.சி.பி.க்கு 10 வருடத்துக்கு மேலும் ஆகும். பாதி குறைந்த பிறகு மீதிப் பாதி குறைய மறுபடி அதே காலம்.

இதில் ஒரு வேடிக்கை. 2004இல் உக்ரைனின் அதிபர் வேட்பாளர் விக்டர் யுஷ்சென்கோவுக்குத் தேர்தல் நேரத்தில் டையாக்சின் கொடுத்தார்கள். முகமே மாறிப்போன படங்களைப் பார்த்திருப்பீர்கள். சாதாரண ஆளுக்கு இருப்பதைப் போல் சுமார் 50,000 மடங்கு அவர் ரத்தக் கொழுப்பில் இருந்தது. ஆனால் அவர் உடம்பில் அது பாதியாக 15 மாதம்தான் எடுத்தது. அளவு அவ்வளவு ஏறினால் கல்லீரல் என்சைம்கள் உசுப்பப்பட்டு வேகமாக வேலை செய்கின்றன. நம் மாதிரி சிறு அளவு இருப்பவர்களுக்கு அந்த உசுப்பல் கிடையாது, மெதுவாகவே போகும்.

ஃபாரெவர் கெமிக்கல்னு இப்ப பேசறாங்களே, பாதரசமும் இருக்கே, எல்லாம் ஒண்ணுதானா?

இல்லை, இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஒட்டாத தவாவையும் மழைக்கோட்டையும் செய்யப் பயன்படும் புளோரின் ரசாயனங்கள் கொழுப்பில் தங்குவதில்லை. ரத்தத்தில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொண்டு கல்லீரலிலும் ரத்தத்திலும் சுற்றும். சிறுநீரகம் அவற்றைத் திரும்ப உள்ளே இழுத்துவிடுவதால் வெளியேற வருடங்கள் ஆகின்றன. மீனில் உள்ள பாதரசமும் தசையின் புரதத்தில்தான் உட்காரும்.

சமையலறைக்கு இதில் ஒரு வித்தியாசம் உண்டு. மீனின் தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் நீக்கினால் பி.சி.பி. கொஞ்சம் குறையும். பாதரசம் குறையாது, அது சதையிலேயே இருக்கிறது.

மீன், நெய் எல்லாம் விட்டுடணுமா?

வேண்டாம். சின்ன மீனாக, மத்தி, நெத்திலி மாதிரி அதிகம் எடுங்கள். பெரிய மீனின் உடம்பில் பல வருடச் சேமிப்பு இருக்கும். இறைச்சியில் கொழுப்பை வெட்டிவிட்டுச் சமையுங்கள். நெய்யை அளவாக. 1990களின் தொடக்கத்தில் இந்திய உணவுகளை ஆராய்ந்தபோது பூச்சிமருந்து எச்சம் பெரும்பகுதி பால் பொருட்கள் வழியாகத்தான் வந்தது என்று கண்டார்கள். அப்போது பி.ஹெச்.சி. வயலுக்கும் தீவனத்துக்கும் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது. 1997இல்தான் தடை வந்தது. இன்று நிலைமை வேறு.

போகிக்கு ஒரு டயர் எரிச்சா என்ன ஆகிடப் போகுது?

ஒரு டயர் என்று ஒவ்வொரு தெருவும் நினைக்கிறது. டயரை விட நான் பயப்படுவது ஒயரைப் பார்த்து. பி.வி.சி. உறையில் குளோரின் இருக்கிறது, உள்ளே செம்பு இருக்கிறது. குறைந்த சூட்டில் புகைந்து எரியும்போது அந்தச் செம்பே ஊக்கியாக நின்று டையாக்சினை உண்டாக்கிக் கொடுக்கும். காயலான் கடைக்குச் செம்பு எடுக்க ரயில்வே ஓரத்தில் ஒயர் எரிக்கும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். வாயில் கைக்குட்டை கட்டி, புகைக்கு எதிர்ப்பக்கம் தள்ளி நின்றார்கள். பத்தடி தள்ளி ஓர் ஆடு சாம்பலுக்குள் முளைத்த புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. ஒயரை உரித்து விற்றால் நேரம் அதிகம் ஆகும், கடைக்காரர் கொடுப்பதோ அதே விலை. அவர்களைத் திட்டிப் பயன் இல்லை, உரித்த செம்புக்குக் கூடுதல் விலை கிடைக்க வேண்டும்.

தடை பண்ணி இத்தனை வருஷம் ஆச்சே, குறைஞ்சிருக்கா இல்லையா?

குறைந்திருக்கிறது. சுவீடனில் தாய்ப்பாலை 1970களிலிருந்து சேமித்து அளந்து வருகிறார்கள். தடைக்குப் பின் டி.டி.டி. நாலு முதல் ஆறு வருடத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வந்தது. ஆனால் அதே பழைய பாட்டில்களை மறுபடி எடுத்துத் தீத்தடுப்பு புரோமின் ரசாயனத்தைத் தேடினால், 1972 முதல் 1997 வரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகியிருந்தது. ஒன்று இறங்கும்போது இன்னொன்று ஏறியிருக்கிறது, யாரும் அளக்காததால் தெரியவில்லை. அதற்கும் பின்னால் தடை வந்தது.

இந்தியாவில் டி.டி.டி.யை விவசாயத்துக்கு 1989இல் தடுத்தார்கள், கொசுவுக்குத் தொடர்ந்தது. பி.சி.பி. உள்ள பழைய டிரான்ஸ்பார்மர்களை 2025 முடிவோடு நிறுத்த வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு ஆணை. பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெய் மூட்டுவலிக்கு நல்லது என்று யாராவது பாட்டிலில் கொடுத்தால் வாங்காதீர்கள்.

எங்க பாட்டி நெல் குதிர்ல பி.ஹெச்.சி. தூவித்தான் வச்சிருந்தாங்க. 90 வயசு வரைக்கும் நல்லா இருந்தாங்க. சும்மா பயமுறுத்தறீங்களே டீச்சர்?

என் அம்மாவும் எறும்புக்கு அரிசி மூட்டையைச் சுற்றிக் கொட்டாங்கச்சியில் எடுத்துத் தூவுவார். பழைய துணி மாதிரி ஒரு மக்கிய வாடை, இன்றும் நினைவில் இருக்கிறது. அவரும் நன்றாகத்தான் வாழ்ந்தார். ஏழாம் கேள்வியில் சொன்னதுதான் பதில்: ஒருவர் வாழ்க்கையை வைத்து எதையும் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அந்தப் பொடியில் பீட்டா வகை என்று ஒரு பங்கு உண்டு, அந்தக் குடும்பத்திலேயே உடம்பில் அதிகம் தங்குவது அதுதான். பொடி மறைந்து வருடங்கள் கழித்தும் நம் வயதுக்காரர்களின் ரத்தத்தில் அதுதான் மிஞ்சி நிற்கும்.

நான் பாட்டியோடு வழக்குப் போட வரவில்லை. அந்தக் குதிர் இன்னும் வீட்டில் இருந்தால் அதில் தானியம் போடாதீர்கள். இடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் அந்த மண்ணைக் கோழி கிளறும் இடத்தில் கொட்டாதீர்கள். மண்ணில் உள்ளதைக் கோழி கொத்தினால் முட்டை மஞ்சள்கருவின் கொழுப்பில்தான் அது வந்து நிற்கும், அதைப் பேரனுக்கு அவித்துக் கொடுப்பீர்கள்.